மாட்டுவண்டி நூலகம் பற்றி அறிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். புத்தகப் பித்துப் பிடித்தவர்களைப் பற்றி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்துவருகிறோம். எழுத்தாளர்கள் இதில் பேசப்போவதில்லை. அவர்கள் பேசும் படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எங்களுக்கு வாசகர்கள்தான் வேண்டும்.

முதல் பகுதி, 1931இல் மன்னார்குடியில் தொடங்கிய நடமாடும் நூலகம். கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகள் புத்தகமாக வந்ததும் அதே ஆண்டில்தான். சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். சட்டத்துக்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது என்பதுதான் எங்களை இழுத்தது.

மன்னார்குடியை அடுத்த மேலவாசல் பக்கத்தில், அந்த வண்டியைப் பற்றித் தாத்தாவோ பாட்டியோ சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? பழைய நிழற்படம், முத்திரை குத்திய நூல் எதுவானாலும் சரி.

இன்னொன்று: வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்த தொகுப்புகள். விளம்பரப் பக்கங்களோடு இருந்தால் மிகவும் நல்லது.

நாங்களே வந்து படம்பிடித்துக்கொள்வோம். இரவல் கேட்க மாட்டோம். கொடுத்த புத்தகம் திரும்பாத வருத்தம் எங்களுக்கும் தெரியும்.

மன்னார்குடிப் பக்கம் கூண்டு வண்டியும் ஓட்டத் தெரிந்தவரும் கிடைப்பார்களா? பொங்கலுக்குப் பிறகு படப்பிடிப்பு. உரிய வாடகை தருகிறோம். கீழே எழுதுங்கள், தொடர்புகொள்கிறோம்.