ட்ரை ஷாம்பூ திருகோணமலை வெக்கைக்குச் சரிவருமா? பாவித்தவர்கள் சொல்லுங்கோ

உவர்மலைக்காரி:
வெக்கையான கச்சான் காற்று தொடங்கிவிட்டது, இனி மூன்று மாதத்துக்குத் தலையைப் பற்றித்தான் யோசனை. எனக்கு இடுப்புவரை முடி. முழுகினால் காயவே அரைநாள் போய்விடும், ஈரத்தோடு கட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனால் பீனிசம் கிளம்பி பின்னேரம் தலையிடி. அதனால் செவ்வாயும் வெள்ளியும்தான் முழுக்கு, அம்மாவின் கணக்கும் அதுதான். நடுவில் வருகிற வியாழக்கிழமைதான் பிரச்சினை, முன்நெற்றி முடி எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிப்போய்க் கிடக்கும்.

லண்டன் மச்சாள் வந்தபோது ஒரு டின் ட்ரை ஷாம்பூ, தண்ணியில்லாமல் தலைக்கு அடிக்கிற ஸ்பிரே, தந்துவிட்டுப் போனாள். உச்சி பிரித்து அடித்தால் சில்லென்று குளிர்கிறது, அடித்த இடம் முழுக்க வெள்ளை பூக்கிறது, விரலால் தேய்த்துவிட்டுச் சீவினால் வெள்ளை போய் முடி அடியிலிருந்து எழும்பி நிற்கிறது. உண்மையாகவே முழுகின தலை மாதிரித்தான் இருந்தது. கந்தோரில் ஏசி போடுகிற நாட்களில் பின்னேரம் வரைக்கும் அப்படியே நிற்கும். கறண்ட் இல்லாத நாளில், அல்லது வெளிவேலையாகக் கச்சேரிப் பக்கம் வெயிலில் நடந்துவிட்டு வந்தால் கதை வேறு. பிடரியில் வியர்த்து, சொறிந்தால் நகத்துக்குள் சாம்பல் நிறத்தில் களி மாதிரி ஒன்று அடைகிறது. அருவருப்பாக இருக்கிறது. ஆனால் டின்னை எறியவும் மனமில்லை. நீங்கள் எப்படிப் பாவிக்கிறீர்கள்?

உப்புவெளி சலூன்:
அக்கா, உங்களுடைய சிக்கல் டின்னில் இல்லை, வியர்வையில்தான். நான் இங்கே சலூன் வைத்திருக்கிறேன், சீசனுக்கு வருகிற வெள்ளைக்காரப் பெட்டையள் இதை அடிக்காமல் வெளிக்கிடவே மாட்டார்கள், நம்முடைய ஆட்கள் கேட்கத் தொடங்கியது இப்போதுதான்.

உள்ளே இருப்பது சவர்க்காரம் கிடையாது. அரிசி, சோளம், மரவள்ளி இப்படி ஏதாவது ஒன்றின் மா, சிலதில் சிலிக்கா, அதோடு அற்ககோல், வாசனை, எல்லாவற்றையும் வெளியே தள்ள பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயு. அடித்தவுடன் வாயுவும் அற்ககோலும் பறந்துவிடும், அந்தக் குளிர் அதனால்தான். மா மட்டும் முடியின் அடியில் தங்கி மண்டை விடுகிற எண்ணெயைக் குடிக்கும். அந்த எண்ணெய் எங்கேயும் போகவில்லை, மாவுக்குள் ஏறித் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, பார்வைக்குத்தான் தெரியாது. அதற்கு மேல் தண்ணி பட்டால் என்ன ஆகும்? வியர்வையும் தண்ணிதானே. நகத்தில் வருகிற களி அதுதான்.

ஆகவே வியர்த்த தலையில் அடிக்கவே கூடாது. முதலில் விசிறிக்குக் கீழே இருந்து மண்டையைக் காயவிட வேண்டும். டின்னை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, முடியின் அடியில் மட்டும் கொஞ்சமாக. நம்முடைய ஆட்கள் செய்வது, அடித்த கையோடு சீவிவிடுவது. இரண்டு நிமிடமாவது விட்டால்தான் மா எண்ணெயைக் குடிக்கும். அதன் பிறகு விரல் நுனியால் தேய்த்து, தலையைக் குனிந்து சீவி உதறினால் வெள்ளையும் நிற்காது. நம்முடைய கறுப்பு முடியில் எல்லாம் பளிச்சென்று தெரியும் என்பதால் உதறுவதுதான் முக்கியம். மண்ணிற முடிக்கென்று நிறம் சேர்த்த டின்களும் இருக்கின்றன, வியர்த்தால் அந்த நிறம் சட்டைக் கழுத்தில் இறங்கும், எனக்கு அது பிடிக்காது.

தேங்காய் எண்ணெய் வைத்த தலைக்கு இதை அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். மண்டையில் ஊறுகிற எண்ணெய்க்குத்தான் இது. கரண்டி கணக்கில் நாம் ஊற்றிய எண்ணெயைக் குடிக்க ஒரு டின் மா போதாது. பொடுகு இருப்பவர்களும் வேண்டாம். பொடுகுக்குப் பின்னால் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை மண்டை எண்ணெயைத் தின்று வாழ்கிறது, இந்த மா அந்த எண்ணெயை வெளியேற்றுவதில்லை. அவர்களுக்குக் கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மருந்து சேர்ந்த ஷாம்பூ போட்டு முழுகுவதுதான் வழி. என் கணக்கில் இரண்டு முழுக்குக்கு நடுவில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. பிறகு முழுகும்போது இரண்டு தரம் ஷாம்பூ போட வேண்டும், ஒரு தரத்தில் மா போகாது.

கிண்ணியா ராத்தா:
ஸ்காஃப் போடுகிற எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் படிப்பிக்கப் போகிறேன், காலையில் குத்தின பின்னைக் கழற்றுவது பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகுதான். அதுவரை முடிக்குக் காற்றே கிடையாது. அடித்தவுடன் ஸ்காஃப் கட்டினால் உள்பக்கம் முழுக்க வெள்ளை, கறுத்தத் துணியில் கேட்கவே வேண்டாம். இரவு படுக்க முதல் அடித்து, விடிய சீவிவிட்டு, உள்ளே பருத்தித் தொப்பி போட்டு, அதற்கு மேல் ஸ்காஃப். இப்படித்தான் எனக்குச் சரிவந்தது. மார்க்கத்தில் கடமையான குளிப்புக்கு இது பதிலாகாது, அதற்குத் தண்ணிதான், அதைச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள்.

டின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்களே, எங்கள் வீட்டுக் கிணற்றில் மோட்டார்தான், கறண்ட் இல்லையென்றால் வாளியால் அள்ள வேண்டும். நான்கு பொம்பிளைகள் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தலைக்கு அள்ளி முடியுமா? அந்த வருசம் ஓகஸ்டில் இறக்குமதி நிறுத்திய பட்டியலில் ஷாம்பூவும் வந்தது. அப்போது என் தங்கச்சி கோன்பிளவரில், சோள மாவில்தான், கொஞ்சம் கொக்கோத் தூள் கலந்து, முகத்துக்குப் பவுடர் போடுகிற பெரிய தூரிகையால் உச்சியில் தட்டிவிடுவாள். கொக்கோ சேர்ப்பது நிறத்துக்கு, வெள்ளை தெரியாது. டின்னில் வருவதைவிட இது கொஞ்சம் கனம், கூடப் போட்டால் முடி மொரமொரத்துப் போகும், ஆனால் எண்ணெயைக் குடிப்பதில் குறை சொல்ல முடியாது. என் சின்ன மகன் மட்டும் இப்போதும் அவள் பக்கத்தில் போய் கேக் வாசம் வருகிறது என்பான்.

நிலாவெளிப் பொடியன்:
ஹோட்டல் வரவேற்பில் வேலை, டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறேன். ஹெல்மெட் கழற்றினால் தலை அமுங்கி, மாடு நக்கின மாதிரி. அக்கா ஒருத்தி தந்து அடித்துப் பார்த்தேன். கட்டை முடிக்கு இதெல்லாம் வீண் செலவு, பின்னால் இருக்கிற குழாயில் தலையை நீட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. இன்னொன்று, ஹெல்மெட் உள்துணியைக் கழற்றித் தோய்த்துக் காயப்போடாமல் தலைக்கு என்ன அடித்தும் பிரயோசனம் இல்லை. கடலில் குளித்துவிட்டு உப்போடு அடிப்பவர்களையும் இங்கே பார்க்கிறேன், கயிறு திரித்ததுபோல் ஆகிவிடும்.

மூதூர் மாமி:
எங்கள் காலத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் துடக்குக் கழியும்வரை நினைத்தபடி தலையில் தண்ணி வார்க்க விடமாட்டார்கள், ஜன்னி வரும் என்று பயமுறுத்துவார்கள். குட்டிக்கூரா பவுடரை உச்சியில் தட்டி, பேன்சீப்பால் வாரி, சாம்பிராணிப் புகை காட்டிக் கொண்டை போட்டுவிடுவார்கள், அதுதான் எங்களுக்கு ட்ரை ஷாம்பூ.

மருமகளுக்கு சிசேரியன். காயம் நனையக் கூடாது, குனியவும் ஏலாது, அவள் கொழும்பிலிருந்து எடுப்பித்து வைத்திருந்தாள். ஒரு நாள் நான் பின்னேரப் புகை போட மண் சட்டியில் தணலோடு அறைக்குள் போகிறேன், அவள் கட்டிலில் இருந்துகொண்டு டின்னைத் தூக்கிக் குலுக்குகிறாள். நல்ல காலம் மகன் கண்டு கத்தினான். அவன் டின்னைத் திருப்பி எனக்கு நெருப்புப் படத்தைக் காட்டினான். காஸ் அடுப்புக்கு வருகிற அதே சாதி வாயுவாம் உள்ளே. அன்றிலிருந்து சட்டம் போட்டேன்: தணல் இருக்கிற அறையில் டின் இல்லை, விளக்கு எரிகிற சாமியறையிலும் இல்லை, பிள்ளை படுத்திருக்கிற அறையிலும் இல்லை. அந்தத் தூசியைப் பச்சைப்பிள்ளை ஏன் சுவாசிக்க வேண்டும்? மற்றபடி குறை சொல்ல மாட்டேன். தலை பாரமாக இருக்கிறது என்று அழுதுகொண்டிருந்த பிள்ளை அதை அடித்துச் சீவிவிட்ட பிறகுதான் கண்ணாடி பார்த்தாள்.

ஸ்காபரோவிலிருந்து:
ஊருக்கு டின் காவிக்கொண்டு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு விசயம். 2022 ஒக்டோபரில் யூனிலீவர் அமெரிக்காவில் டவ், ட்ரெசமே, டிஜி போன்ற பெயர்களில் வந்த சில ட்ரை ஷாம்பூ ஸ்பிரேக்களைத் திருப்பி எடுத்தது. 2021 ஒக்டோபருக்கு முன் செய்தவை அவை. பென்சீன் கலந்திருக்கலாம் என்பதுதான் காரணம், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இருந்த அளவால் கெடுதல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, முன்னெச்சரிக்கைக்குத்தான் எடுக்கிறோம் என்றது நிறுவனம். நான் பயமுறுத்தவில்லை, ஆனால் நம்முடைய வீடுகளில் வெளிநாட்டுச் சாமானை அலுமாரியில் பூட்டி வருசக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம். அம்மம்மாவின் அலுமாரியைத் திறந்து பாருங்கள், பழசு இருந்தால் எறியுங்கள். பயம் என்றால் ஸ்பிரே இல்லாமல் தூளாக வருவதை வாங்கலாம், பென்சீன் வந்த அந்தத் தள்ளுகிற வாயு அதில் இல்லை.

மற்றது, பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லி டின்னுக்கு மேல் விடமாட்டார்கள். பெரியதைப் பெட்டியில் போடுங்கள், அதிலும் ஒரு டின் 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது.

உவர்மலைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ராத்தா சொன்னபடி இரவில், சலூன் தங்கச்சி சொன்னபடி தலை காய்ந்த பிறகு அடித்துப் பார்த்தேன், களி வரவில்லை, பிடரிப் பக்கம் அடிப்பதையே விட்டுவிட்டேன். மாமியின் தணல் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட, அவ உடனே எழும்பிப் போய் டின்னைச் சாமியறைத் தட்டிலிருந்து எடுத்துக் குளியலறை யன்னலில் வைத்துவிட்டா. அந்த யன்னலில் மத்தியானம் முழுக்க வெயில், டின்னிலோ 50 பாகைக்கு மேல் சூடு படக்கூடாது என்று போட்டிருக்கிறது, அங்கிருந்தும் எடுத்தாச்சு. டவுனில் தூளாக விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் கோன்பிளவரும் கொக்கோவும்தான்.