பழைய யான்மார் ட்ராக்டர் வாங்கப் போகிறேன், எதை எதைப் பார்க்க வேண்டும்?

நெல்வயல்_பெகு:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் பெகு பக்கம் எங்களுக்குப் பத்து ஏக்கர் வயல். மழை நெல்லை அறுத்த கையோடு உளுந்து போடுகிறோம். இதுவரை எல்லாம் வாடகை உழவுதான், ஆனால் அறுப்பு முடிந்ததும் ஊரே ஒரே நேரத்தில் வண்டி கேட்பதால் எங்கள் முறை வருவதற்குள் மண்ணில் ஈரம் போய்விடுகிறது. ஈரம் போனபின் உளுந்து விதைத்து என்ன பயன்? அதனால் இந்த வருடம் சொந்தமாக ஒரு சின்ன ட்ராக்டர் வாங்கிவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

ரங்கூனில் ஒரு யார்டில் யான்மார் ஒய்எம் 2000 டி, ரோட்டவேட்டரோடு (பின்னால் மாட்டும் சுழல் கத்தி உழவுக் கருவி) நிற்கிறது. புது பெயின்ட், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் 900 சொச்சம் காட்டுகிறது, நேராக ஜப்பானிலிருந்து இறங்கியது என்கிறார் விற்பவர். டைக்கூவில் ஒரு விவசாயியிடம் கூபோட்டா எல் 2201 டிடி ஒன்றும் இருக்கிறது. அது பெயின்ட் உரிந்து, மீட்டர் ஓடாமல் கிடக்கிறது, ஆனால் விலை குறைவு. எஞ்சின் சத்தம் கேட்டால் எனக்கு ஓரளவு புரியும், மற்றதெல்லாம் தெரியாது. மீட்டரை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிரியம்_பட்டறை:

தம்பி, மீட்டரைக் கடைசியாகப் பாருங்கள். 900 மணி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஜப்பானில் ஒரு குடும்பத்துக்கு வயல் கொஞ்சம்தான், வருடத்தில் சில நாள் உழுதுவிட்டுக் கொட்டகையில் நிறுத்திவிடுவார்கள், பல வருடப் பழைய வண்டி ஆயிரம் மணிகூட ஓடாமல் வருவது உண்டு. ஆனால் இங்கே இறங்கியபின் இரவு பகலாக வாடகைக்கு ஓடி, மீட்டர் கேபிள் அறுந்து, பெயின்ட் அடித்து மறுபடி யார்டுக்கு வந்த வண்டியும் அதே 900ஐத்தான் காட்டும். பின்னால் கலப்பை மாட்டும் கீழ் லிங்க்கைப் பாருங்கள். அதில் இரும்புப் பின் (pin) போகும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, இழுபட்டு நீளமாகிவிட்டதா? கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு வழவழவென்று இருக்கிறதா? பெடலுக்குப் புது ரப்பர் போட்டுவிடலாம், ஓட்டையின் தேய்மானத்தைப் பெயின்ட் மறைக்காது.

அப்புறம் எஞ்சின். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் முதலில் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு விலை பேசாதீர்கள். ஆறின வண்டி நம் ஊர் வெக்கைக்குச் சட்டென்று பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை, நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள், லேசான ஆவி சகஜம், புசுபுசுவென்று அடித்துத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரமாவது ஓட்டி நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் ஒழுங்காகப் பிடித்த வண்டி சூட்டில் அடம்பிடித்தால் டீசல் பம்ப் தேய்ந்துவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள், அது கையைக் கடிக்கும் வேலை.

இத்தனை சொன்னாலும், சேற்றில் உழுத வண்டிக்கு எஞ்சினைவிட முன் அச்சைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டுமே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. யான்மாரில் டி என்றாலும் கூபோட்டாவில் டிடி என்றாலும் அதுதான் அர்த்தம். முன் சக்கரத்தை ஒட்டியிருக்கும் கியர் பெட்டி சேற்றுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் சீல் போய்விட்டால் தண்ணீர் உள்ளே போய் பேரிங்கும் கியரும் துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அந்தப் பெட்டியின் அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும், ஏனென்றால் அது அடியில் தங்கிவிடும். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தாலும் விஷயம் அதேதான்.

தட்டோன்_அக்கா:

சிரியம் அண்ணன் சொன்னதோடு பின்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்தச் சின்ன ஜப்பான் வண்டிகள் பலவற்றில் கியர் பெட்டிக்கும், பின்னால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்டுக்கும் ஒரே ஆயில். கியர் லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தால், வெளியில் நிற்கும் வண்டிக்குள் அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், நம் மழைக்கு ஒரு பருவமே போதும். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள், வெளுத்திருந்தால் தண்ணீர்தான்.

லிப்டை வெறுமனே தூக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ரோட்டவேட்டரோடு தூக்கச் சொல்லுங்கள். தூக்கியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு நில்லுங்கள், அடியில் மட்டும் யாரும் போக வேண்டாம். மெதுவாக வெகுநேரம் கழித்து இறங்கினால் பழைய வண்டிக்கு அது குறையில்லை. கண்ணெதிரே இறங்கினாலோ, எஞ்சின் ஓடும்போது சில நொடிக்கு ஒரு தடவை குலுங்கி மேலே ஏறினாலோ உள்ளே கசிகிறது. இதையே ஓட்டி முடித்து ஆயில் சூடானபின் இன்னொரு தடவை பாருங்கள், சூட்டில் தூக்கத் திணறினால் பம்ப் தளர்ந்துவிட்டது.

கிளட்சுக்கு, முன்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, பெரிய கியரில் போட்டு பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. தட்டு பெரிய விலை இல்லை, ஆனால் அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

டைக்கூ வண்டி கேஜ் வீல் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஓடியதா என்றும் கேளுங்கள். அது பின் அச்சுக்குப் பெரிய பாரம். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயிலும் சேறும் சேர்ந்து அப்பியிருந்தால் சீல் போயிருக்கிறது, பிரேக்குக்குள்ளும் ஆயில் இறங்கியிருக்கலாம்.

நெல்வயல்_பெகு:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. யார்டுக்காரருக்குப் போன் பண்ணினேன், போல்ட் எதையும் தொடக்கூடாது, ஸ்டார்ட் பண்ணி மட்டும் பார்க்கலாம் என்கிறார். டைக்கூக்காரர் எதை வேண்டுமானாலும் கழற்றிப் பார் என்கிறார், ஆனால் அந்த வண்டியில் முன் டயர் இரண்டும் வேறு அளவில் மாட்டியது போல இருக்கிறது. அது பெரிய விஷயமா?

சிரியம்_பட்டறை:

பெரிய விஷயம்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயரும் பின் டயரும் கணக்குப் பார்த்துச் சேர்த்தவை. அளவு மாறினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முன் அச்சின் கியரைத் தின்னும், கெட்டியான ரோட்டில் ஓடினால் இன்னும் மோசம். சரியான அளவு டயரின் விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு அதைக் கழித்துப் பேசுங்கள். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. இறக்கியபின் நான்கு சக்கர லீவரைப் போட்டு ஈர மண்ணில் மேட்டில் ஏற்றுங்கள், முன் சக்கரம் இழுக்க வேண்டும், கடகடவென்று சத்தம் வரக்கூடாது.

போல்ட்டைத் தொடவிடாத வண்டிக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி. டைக்கூ வண்டியை முதலில் பாருங்கள்.

மோல்மீன்_காரன்:

உதிரி பற்றி ஒன்று. யான்மார், கூபோட்டா இரண்டில் எதை வாங்கினாலும் பட்டறைக்காரர்களுக்குக் கை பழகியது, பழைய வண்டியைப் பிரித்து விற்பவர்களிடமும் சாமான் கிடைக்கும். நடுவில் யாராவது ஹினோமோட்டோ என்ற இன்னொரு ஜப்பான் ட்ராக்டர் மலிவாக இருக்கிறது என்று காட்டினால், முன் அச்சு சீலும் கிளட்ச் தட்டும் எங்கே கிடைக்கும் என்று கடையில் கேட்டபின் விலை பேசுங்கள். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சாமான் கேட்கும்போது கடைக்காரர் அதைத்தான் கேட்பார். ரோட்டவேட்டரை ஓடவிட்டு அதன் செயின் பெட்டியில் ஆயில் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். கத்தி தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், கத்தி மாற்றுவது சின்ன வேலை.