ஒரு புள்ளைய தப்பா கணக்கு போட்டுட்டோம்னு உறைச்ச அந்த நிமிஷம், உங்களுக்கு இருந்திருக்கா?

கணக்கு வாத்தி

ஏழாவதுக்கு கணக்கு எடுக்குறேன், பதினோரு வருஷமாச்சு. இது ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, எங்கயாவது கொட்டித் தீக்கணும். மைனஸ் நம்பர் பாடம், பசங்க அதுல எப்படி முழிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். கடைசி பெஞ்ச்ல ஒருத்தன், எது கேட்டாலும் எந்திரிச்சு நிப்பான், வாய தொறக்க மாட்டான், நானும் 'சரி உக்காரு'ன்னுட்டு அடுத்தவன்கிட்ட போயிடுவேன். வருஷ ஆரம்பத்துல இருந்து இதே கதைதான்.

அன்னைக்கு மைனஸ் எட்டுல இருந்து மைனஸ் ரெண்ட கழிச்சா என்னடான்னு கேட்டேன். கேட்ட நேரம் பாத்து வாசல்ல ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து சர்குலர நீட்டுறாரு. போய் படிச்சு கையெழுத்து போட்டுட்டு திரும்புறேன், அவன் இன்னும் நின்னுட்டு இருக்கான், உக்கார சொல்ல மறந்துட்டேன். நான் சாக்பீஸ கையில எடுக்குறதுக்குள்ள 'மைனஸ் ஆறு சார்'ங்கிறான். எப்படிறான்னேன். 'எட்டு ரூவா கடன் இருக்கு சார், அதுல ரெண்டு ரூவா கடன தள்ளுபடி பண்ணிட்டாங்க, இன்னும் ஆறு இருக்குல்ல.'

இது புக்குல இல்ல. நானும் சொல்லித் தரல. என் ரிஜிஸ்டர்ல அவன் பேருக்கு நேரா பென்சில்ல 'ஸ்லோ'ன்னு எழுதி வெச்சிருந்தேன், இப்ப அழிச்சுட்டேன், அழிச்ச தடம் அப்படியே தெரியுது.

சாக்பீஸ் தூசி

சார், இதுக்கு வெயிட் டைம்னே பேரு இருக்கு. மேரி பட் ரோவ்னு ஒரு அம்மா 1970கள்லயே வகுப்பு வகுப்பா டேப்ல பதிவு பண்ணி பாத்தாங்க. கேள்வி கேட்டுட்டு நாம காத்திருக்குறது சராசரியா 1 செகண்டு, அவ்ளோதான். அத 3 செகண்டுக்கு மேல இழுத்தா பதில் நீளமாகுது, 'தெரியல' கொறையுது, பேசாத பசங்க பேச ஆரம்பிக்கிறாங்க. நான் ட்ரெய்னிங்ல இருந்தப்ப பின்னாடி ஒரு சீனியர் மேடம் ஸ்டாப்வாட்ச் வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நான் நல்லா டைம் குடுக்குறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். வாட்ச்ல 1 செகண்டு கூட முழுசா இல்ல. அதுலயும் பாதி தடவ நானே பதில் சொல்லியிருக்கேன். அந்த வாட்ச் டிக் டிக் இப்பவும் காதுல கேக்குது. நீங்களும் நாளைக்கு 3 செகண்டு எண்ணிப் பாருங்க.

ரெட்டைப்புள்ள அம்மா

என் கதை வேற. ரெட்டைப் பொண்ணுங்க, ஒரே வகுப்பு. நாலு வருஷம் முன்னாடி ஸ்கூல்ல ஒரு ஒர்க்‌ஷாப் வெச்சு கேள்வித்தாள் குடுத்தாங்க, எப்படி கத்துக்குவாங்கன்னு கண்டுபிடிக்கிறதாம். பெரியவ விஷுவல், சின்னவ ஆடிட்டரின்னு வந்துச்சு. நான் சும்மா இருப்பனா? பெரியவளுக்கு கலர் கலரா சார்ட், சின்னவளுக்கு எல்லா பாடத்தையும் நானே வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி போன்ல போட்டு குடுத்தேன், ராத்திரி பதினொன்ற வரைக்கும் உக்காந்து, தொண்டை கட்டிக்கிச்சு.

ஒரு நாள் ஜியாக்ரஃபி. ஒரு ஆறு எங்கெங்க ஓடுதுன்னு சின்னவளுக்கு வாயால சொல்லிட்டு இருக்கேன், 'மேல இருந்து எறங்குது, எடது பக்கமா வளையுது, அப்பறம் இன்னொரு ஆறு வந்து சேருது'ன்னு. அவ கண்ண மூடிட்டு பொறுமையா கேட்டுட்டு இருந்தா. அப்பறம் மெதுவா, 'அம்மா, அந்த மேப்ப கொஞ்சம் காட்டுறியா?'

சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. காட்டுனேன், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது.

நைட் ஷிஃப்ட்

அக்கா, சாரி, ஆனா அந்த ஒர்க்‌ஷாப் காசு தண்டம். இந்த விஷுவல் ஆடிட்டரி சமாச்சாரத்த 2008ல பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க்னு நாலு சைக்காலஜிஸ்ட் சேந்து அலசிட்டாங்க. அவங்கவங்க ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுத்தா அவங்கவங்க நல்லா கத்துக்குவாங்கன்னு சொல்றதுக்கு உருப்படியான ஆதாரம் கெடைக்கலன்னுதான் முடிச்சாங்க. ஒருத்தருக்கு படம் புடிக்கும் ஒருத்தருக்கு பேச்சு புடிக்கும், அது உண்மை, ஆனா புடிக்கிறது வேற, மண்டையில ஏறுறது வேற. மேப்னா எல்லாருக்கும் பாத்தாதான் ஏறும், உச்சரிப்புன்னா எல்லாருக்கும் கேட்டாதான் ஏறும்.

என் கதை சின்னது, காலேஜ்ல ஒரு பேப்பர் மூணு தடவ அரியர், ஹைலைட்டர் போட்டு போட்டு புக்கே மஞ்சளாயிடுச்சு, அவ்ளோதான்.

இப்ப யாருக்கா இருந்தாலும் நான் சொல்றது இதுதான். படிச்சுட்டு புக்க மூடுங்க, வெள்ளத்தாள்ல ஞாபகம் இருக்குறத எழுதுங்க, அப்பறம் தொறந்து விட்டுப்போனத மட்டும் பாருங்க. 2006ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் இத சோதிச்சு பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்பத் திரும்ப படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு வெச்சா மூடி வெச்சு எழுதிப் பாத்தவங்க முன்னாடி. அதனால ஒரே நாள்ல நாலு தடவ படிக்கிறதுக்கு பதிலா நாலு நாள் விட்டு விட்டு ஒவ்வொரு தடவ எழுதிப் பாக்க சொல்லுங்க, ரெண்டாவது தடவ கொஞ்சம் மறந்து போயிருக்கணும், அப்பதான் வேல செய்யும், மறக்குறதுக்கு முன்னாடியே எழுதுனா சுகமா இருக்கும், பிரயோஜனம் கம்மி. அப்பறம் பொண்ணுங்க ரெண்டு பேரையும் ஒருத்தருக்கொருத்தர் கேள்வி கேட்டுக்க சொல்லுங்க. மார்க்க கம்பேர் பண்ணாதீங்க. அப்பறம் தூக்கம் ரொம்ப முக்கியம்

ரெட்டைப்புள்ள அம்மா

தம்பி, நான் அட்வைஸ் கேக்கலயே. தொண்டை கட்டுனத சொன்னேன். தூக்கத்தப் பத்தி நைட் ஷிஃப்ட்னு பேரு வெச்சுட்டு சொல்றீங்க பாருங்க.

மூணாவது பெஞ்ச்

நான் ஸ்டூடண்ட் பக்கத்துல இருந்து. பச்ச போர்டுல முக்கியமானத எல்லாம் செவப்பு சாக்பீஸ்ல எழுதுவாரு எங்க சயின்ஸ் சார். எனக்கு அங்க ஏதோ மங்கலா அழுக்கு மாதிரி இருக்கும், அவ்ளோதான். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன், எல்லாரும் கஷ்டப்பட்டு படிச்சுக்கிறாங்க, நான்தான் சோம்பேறின்னு. ஒரு நாள் 'செவப்புல இருக்குறத மட்டும் எழுது'ன்னாரு, நான் வெள்ளையில இருந்தத எல்லாம் எழுதிட்டு போனேன். திமிர்னு முட்டி போட வெச்சாரு. கலர் பிளைண்ட்னு தெரிஞ்சது பதினெட்டு வயசுல, ஒரு மெடிக்கல் செக்கப்ல, புள்ளி புள்ளியா இருந்த படத்துல நம்பர் எங்கன்னு கேட்டாங்க, நான் எந்த நம்பருன்னேன்.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆம்பளைங்கள்ல சுமாரா 12 பேருல ஒருத்தருக்கு இது இருக்காம். நம்ம பக்கம் அத விட கம்மிதான், ஆனாலும் ஒரு ஸ்கூல்ல நாலஞ்சு பேராவது இருப்பாங்க. அந்த சாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல, முட்டிக்கு மட்டும் தெரிஞ்சுது.

பாதி ராத்திரி வாசகி

மூணாவது பெஞ்ச், உங்களுக்கு கலரு, எனக்கு படமே. 'கண்ண மூடிக்கோ, ஒரு முக்கோணத்த நெனச்சுக்கோ, இப்ப அத திருப்பு'ன்னு டீச்சர் சொல்லுவாங்க, எனக்கு உள்ள இருட்டுதான். நெனச்சுக்கோங்கிறது சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றதுன்னு முப்பது வயசு வரைக்கும் நம்பிட்டு இருந்தேன், நெஜமாவே உங்களுக்கெல்லாம் படம் தெரியுதாமே! 2015ல ஆடம் ஸீமன்னு ஒரு டாக்டர் இதுக்கு அஃபேன்டேசியான்னு பேரு வெச்சாரு. அதுக்கு முன்னாடி 1880லயே ஃபிரான்சிஸ் கால்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி இத கவனிச்சு எழுதியிருக்காரு. நான் ஜியாமெட்ரில மட்டமெல்லாம் இல்ல, பேப்பர வெட்டி கையில வெச்சு திருப்பிப் பாப்பேன். அத டீச்சர் புடுங்கி குப்பையில போட்டுட்டாங்க, 'சின்னப் பாப்பாவா நீ'ன்னு. அந்த முக்கோணம் இளநீல அட்டை.

டியூஷன் அண்ணா

எல்லாரும் கஷ்டப்படுற புள்ளைங்களையே சொல்றீங்க. என்கிட்ட வந்த நல்லா படிக்கிற பொண்ணு ஒன்னு. எல்லா கணக்கையும் நான் ஸ்டெப் ஸ்டெப்பா போட்டு காட்டுவேன், மத்தவங்களுக்கு அது தேவாமிர்தம், இவ மட்டும் போகப் போக தப்பு பண்ண ஆரம்பிச்சா. பாத்தா, அவ மனசுல ஏற்கனவே ஒரு வழி இருக்கு, என் ஸ்டெப்ப அதோட ஒட்ட வெக்கிறதுலயே பாதி மூள செலவாகுது. ஒரு நாள் நோட்ட மூடி வெச்சுட்டு 'அண்ணா, கொஞ்சம் பேசாம இருங்களேன்'ன்னா. அன்னைக்கு செம கோவம். புதுசா கத்துக்கிறவனுக்கு ஊன்றுகோலா இருக்குறது தெரிஞ்சவனுக்கு காலத் தடுக்கும்னு அப்பறம்தான் படிச்சேன், கல்யுகா, ஸ்வெல்லர்னு ஆராய்ச்சி பண்றவங்கல்லாம் 2003ல எழுதியிருக்காங்க. அதுக்குள்ள அவ டியூஷன விட்டு நின்னுட்டா.

கணக்கு வாத்தி

எல்லாத்தையும் படிச்சேன். சாக்பீஸ் தூசி மேடம், நீங்க சொன்னத மறுநாளே செஞ்சேன். அவன்கிட்ட கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள எண்ணுனேன். மூணு, அஞ்சு, பத்து வரைக்கும் போனேன். மத்தவங்கள கைய எறக்க சொல்லிட்டு அவனையே பாத்துட்டு நின்னேன். காது ரெண்டும் செவந்து போச்சு அவனுக்கு, ஒரு வார்த்த வரல.

பெல் அடிச்சதும் கூப்பிட்டு கேட்டேன், ஏண்டா, அன்னைக்கு சொன்னல்ல? ரொம்ப நேரம் தரையவே பாத்துட்டு இருந்தான். 'அன்னைக்கு நீங்க வாசல்ல இருந்தீங்க சார்.'

இப்ப அவன்கிட்ட கேட்டுட்டு போர்டு பக்கம் திரும்பி அழிக்க ஆரம்பிச்சுடுறேன். எழுதாத எடத்தையும் சேத்து அழிக்கிறேன். நேத்து பின்னாடி இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. பதில் தப்புதான்.