வாகனக் காப்பீட்டில் வரும் ‘எக்ஸஸ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். பெங்களூரில் சொந்தக் கார் வைத்திருக்கும் தமிழர்களுக்கான காப்பீட்டுக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். ‘எக்ஸஸ்’ என்ற சொல்லில் வேலை நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இங்கே அதன் பொருள், இழப்பில் வண்டிக்காரர் தன் கையிலிருந்து போடும் பங்கு. ‘டிடக்டிபிள்’ என்பதும் இதுதான். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாய எக்ஸஸ் 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. தானாக விரும்பி 2500 ஏற்றவருக்கு பிரீமியம் குறையும். ஆனால் அவர் கார் 1500 சிசிக்குள் இருந்தால், 18,000 ரூபாய் பழுதுச் செலவில் கட்டாய 1000, விருப்ப 2500 ஆக 3500 போக 14,500தான் கைக்கு வரும்.

‘உபரி’ போட்டுப் பார்த்தேன். அது தேவை போக மிஞ்சுவது. உபரி நீர், உபரி பட்ஜெட் என்பதற்குத்தான் பொருந்தும். ‘மிகை’ என்றால் அளவு மீறியது. ‘கூடுதல் தொகை’தான் பெரிய ஆபத்து: பிரீமியத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டிய பணம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ‘கழிவு’ தள்ளுபடியாகத் தொனிக்கிறது. ‘பிடித்தம்’ ஓரளவு நெருங்கினாலும், சம்பளப் பிடித்தம்போல யாரோ எடுத்துக்கொள்வதாகப் படுகிறது. ‘உரிமையாளர் ஏற்கும் தொகை’ தெளிவானது. ஆனால் அட்டவணைத் தலைப்பில் ‘கட்டாய’, ‘விருப்ப’ என்று முன்னொட்டுச் சேர்த்தால் கட்டத்துக்குள் அடங்கவில்லை. ‘எக்ஸஸ்’ என்பது ‘5 லட்சத்துக்கு மேற்பட்ட’ என்பதுபோல ‘மேற்பட்ட’ என்ற பொருளில் வரும் இடங்களில் எனக்குச் சிக்கல் இல்லை.

‘கட்டாய’, ‘விருப்ப’ இரண்டோடும் ஒட்டக்கூடிய, வண்டிக்காரர் பார்த்ததும் ‘இது என் பங்கு’ என்று புரிந்துகொள்ளும் ஒன்றிரண்டு சொல் எது?