ஏற்காட்டு வீட்டில் கிடந்த ஆறு தோனெட் நாற்காலிகள்: சரிசெய்வதா, விடுவதா?

நாகலூர் காப்பி

வணக்கம். ஏற்காட்டில் தாத்தா காலத்துத் தோட்ட வீட்டைக் காலி செய்தபோது, காப்பி மூட்டைகளுக்குப் பின்னால் ஆறு நாற்காலிகள் கிடைத்தன. வளைத்த மரம், வட்ட இருக்கை, பிரம்புப் பின்னல். ஒன்றைக் கவிழ்த்துத் துடைத்தால் இருக்கை வளையத்தின் உள்பக்கம் பாதி கிழிந்த காகிதச் சீட்டு. 'தோனெட்', 'வியன்னா' இரண்டு சொல்தான் படிக்க முடிகிறது.

மூன்றில் பிரம்பு மட்டும் அறுந்து தொங்குகிறது. நாலாவதில் பின்னங்கால் இருக்கையோடு சேரும் இடத்தில் விரிசல். ஐந்தாவதின் முன்னங்காலில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், தட்டினால் மாவு கொட்டுகிறது. ஆறாவதுதான் கொடுமை. பத்து வருடத்துக்கு முன் அப்பா யாரிடமோ ரிப்பேருக்குக் கொடுக்க, அவர் ஆணி அடித்து, இரும்புப் பட்டை வைத்து, மேலே மெலமைன் என்ற செயற்கைப் பூச்சை அடித்துவிட்டார். கண்ணாடி மாதிரி மின்னுகிறது, உட்கார்ந்தால் ஆடுகிறது.

கீழே சேலத்தில் ஒரு கடையில் "ஆறையும் சுரண்டி, பாலிஷ் போட்டு, நைலான் வயர் பின்னித் தருகிறோம்" என்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டி

தொடாதீங்க! பழைய நாற்காலி வெளிநாட்டு ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிறது. கை வைத்தால் மதிப்பு போச்சு.

குகை பட்டறை

தம்பி, லட்சத்தில் போவது சண்டிகர் நகருக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னெரே வடிவமைத்த தேக்கு நாற்காலி. இது பீச் (beech) என்ற ஐரோப்பிய மரம். படத்தைப் பார்த்தால் தோனெட் கம்பெனி 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி போலத் தெரிகிறது. 1930க்குள் இதில் ஐந்து கோடி விற்றதாகக் கணக்கு. அதனால் பூட்டி வைக்க வேண்டாம், உட்காருங்கள். ஆனால் சுரண்டக் கொடுக்காதீர்கள்.

முதலில் பூச்சு என்னவென்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அப்படியென்றால் அழுக்கை மட்டும் எடுத்து, மேலே மெல்லிசாக அரக்கு ஏற்றினால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வளைவின் உருட்சியே தட்டையாகிவிடும். மெலமைன் இந்த ஸ்பிரிட்டுக்கு அசையாது. அந்த ஒன்றுக்கு இன்னொரு நாள் அழுவோம்.

இந்த நாற்காலியின் அழகே அது கழற்றக்கூடியது என்பதுதான். ஆறு மரத்துண்டு, பத்து ஸ்குரூ, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகுமாம். உங்கள் ஏற்காட்டுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று இப்போது புரிகிறதா? மைக்கேல் தோனெட் ஆரம்பத்தில் மெல்லிய பட்டைகளைப் பசை போட்டு ஒட்டித்தான் வளைத்தார். ஈரமான வெப்ப நாடுகளில் பசை விட்டது. அப்புறம்தான் முழு மரத்தையே ஆவியில் வேகவைத்து வளைக்கும் முறையில் ஊன்றினார்.

ஆகவே ஆறாக எண்ணாதீர்கள், உதிரிப் பாகமாக எண்ணுங்கள். விரிசல் கால்தான் உட்காருபவரின் பாரத்தை அதிகம் வாங்குகிற இடம். மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்தால் பார்வைக்குச் சரி, மாமனார் உட்காரும் நாளில் தெரியும். அந்த நாற்காலியின் முன்னங்காலை, உளுத்த காலுக்குப் பதிலாக மாற்றிப் பாருங்கள்.

அம்மாபேட்டை அக்கா

உளுத்ததை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள் தம்பி. அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புது மாவு விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. போராக்ஸ் (வெண்காரம்) கரைசல் பாலிஷ் மேல் தடவினால் இறங்காது, சிரிஞ்சில் ஓட்டைக்குள் விடணும். கோணி ஊசி அமுக்கினால் உள்ளே இறங்குகிற கால் என்றால் மருந்தும் வேண்டாம், கழற்றி அடுப்பில் போடுங்கள்.

நைலான் வயர் வேண்டவே வேண்டாம். வளையத்தைச் சுற்றி ஓட்டை வரிசை இருந்தால் அது கையால் பின்னியது, பிரம்பு வாங்கி அப்படியே பின்னலாம்.

நாகலூர் காப்பி

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பஞ்சு பிசுபிசுத்தது, அரக்குதான். கறுப்புத் தாளில் இரண்டாம் நாளே மாவு. ஊசி வெண்ணெய் போல இறங்கியது, அந்தக் காலுக்கு விடை கொடுத்தாச்சு. விரிசல் நாற்காலியைக் கழற்றினேன். துருப்பிடித்த ஸ்குரூவுக்கு ஒரு ராத்திரி எண்ணெய் விட வேண்டியிருந்தது. முன்னங்காலை மாற்றிப் பொருத்தினால் கச்சிதமாக உட்கார்ந்தது! கைதட்டக்கூட ஆள் இல்லை, அம்மாவைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதே தைரியத்தில் மெலமைன் நாற்காலிக்கும் மாற்றப் பார்த்தேன். நாலைந்து மில்லி வித்தியாசம், ஓட்டை நேராக வரவில்லை. அது தோனெட்தானா?

குகை பட்டறை

இல்லாமலும் இருக்கலாம். 1869இல் காப்புரிமை போனதும் கோன் போன்ற கம்பெனிகளும் இதே மாதிரி செய்தன. ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், அதைத் தனியாக விடுங்கள். மற்றவற்றில் அந்தச் சீட்டின் மேல் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகலூர் காப்பி

சரிங்கண்ணா. நாலு தேறும். பின்னுகிறவர் திங்கட்கிழமை வருகிறார். பிரம்பை ஊறவைக்க அகலமான அண்டா வேண்டுமாம், அம்மா பொங்கல் அண்டாவைத் தர மாட்டேன் என்கிறார்.