சிட்னி பிரென்னர் ஏன் புழுவைத் தேடிப் போனார்?

உயிரியல்_டீச்சர்:
பிளஸ் டூ வகுப்பில் எம்ஆர்என்ஏ (டிஎன்ஏவில் உள்ள செய்தியைப் புரதம் தயாரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் மூலக்கூறு) பாடம் நடத்தும்போது, அதைக் கண்டுபிடித்தவர்களில் சிட்னி பிரென்னரும் ஒருவர் என்று சொன்னேன். "அதுக்குத்தான் நோபல் கொடுத்தாங்களா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை, 2002இல் கிடைத்த பரிசு புழுவை வைத்துச் செய்த வேலைக்கு என்றேன். "டிஎன்ஏவை விட்டுட்டு எதுக்குப் புழு?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகார்_தட்டு:
வணக்கம் டீச்சர். சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் எட்டு வருடமாக அந்தப் புழுவைத்தான் வளர்க்கிறேன். பிரென்னர் கடைசிக் காலத்தில் இருந்ததும், 2019 ஏப்ரலில் காலமானதும் இந்த ஊரில்தான்.

1963 வாக்கில் அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: மூலக்கூறு உயிரியலின் பெரிய கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது, அல்லது சீக்கிரம் கிடைத்துவிடும். மிச்சம் இருப்பது, ஒரே செல்லிலிருந்து முழு உடல் எப்படி உருவாகிறது, நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்பவை. எலியிலோ மனிதனிலோ ஒவ்வொரு செல்லாக எண்ண முடியுமா? சி. எலிகன்ஸ் என்ற குட்டி உருளைப்புழுவில் முடியும். வளர்ந்த இருபால் புழுவுக்கு உடல் செல்கள் 959, அதில் நரம்பு செல்கள் 302. நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வர மூன்று, மூன்றரை நாள் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். காலையில் தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், பாக்டீரியா படலத்தில் புழு நெளிந்து போன தடம் வளைவு வளைவாகத் தெரியும். வயிற்றுக்குள் முட்டைகள் வரிசையாக இருக்கும். நுனி தட்டையான பிளாட்டினம் கம்பியால் ஒன்றைத் தூக்கி வேறு தட்டில் விட்டால், இரண்டொரு நாளில் அங்கே ஒரு குடும்பமே இருக்கும். இந்த ஒளி ஊடுருவும் உடம்பை வைத்துத்தான் ஜான் சல்ஸ்டன் என்ற விஞ்ஞானி ஒவ்வொரு செல்லும் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்தார். வளரும்போது 131 செல்கள் தவறாமல் செத்துப்போகின்றன என்பது அதில் தெரிந்தது. அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். பிரென்னர், இவர்கள் இருவர் என மூவருக்கும் சேர்த்துத்தான் அந்த நோபல்.

பழைய_புத்தகம்:
பிரென்னர் பிறந்தது 1927இல், தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில். அப்பா செருப்புத் தைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பக்கத்து வீட்டம்மா மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளை வைத்துத்தான் பையன் படிக்கக் கற்றான். உங்கள் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த எம்ஆர்என்ஏ சோதனை. 1960 கோடையில் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் மெசல்சன், ஜேக்கப் என்ற இரு விஞ்ஞானிகளோடும் செய்தது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை மையவிலக்கில் சுழற்றிப் பிரிக்க வேண்டும், ஆனால் அவை சிதைந்துகொண்டே இருந்தன. ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. கடற்கரையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது பிரென்னருக்குப் பொறி தட்டியது: மெக்னீசியம்! ரைபோசோமைப் பிடித்து வைத்திருக்கும் மெக்னீசியத்தின் இடத்தைக் கரைசலில் இருந்த சீசியம் பிடித்துக்கொள்கிறது. மெக்னீசியத்தை நிறையக் கூட்டினார்கள், ரைபோசோம் சிதையாமல் நின்றது. 1961இல் கட்டுரை வெளிவந்தது.

உயிரியல்_டீச்சர்:
ரொம்ப நன்றி இருவருக்கும். நாளைக்கு அந்த 302லிருந்தே ஆரம்பிக்கிறேன். அகார்_தட்டு, புழு நெளிந்து போன தடத்தைப் போட்டோ எடுத்துப் போட முடியுமா? வகுப்பில் காட்ட வேண்டும்.