புதுப்பிப்பு: ஒரே கணினியில் இரண்டு சம்பா சர்வர்கள்

கணக்குப் பிரிவுக்கும் வடிவமைப்புப் பிரிவுக்கும் ஒரே லினக்ஸ் கணினியில் தனித்தனி சம்பா சர்வர் (விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள்) ஓட்ட முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போர்ட்டை, அதாவது சர்வர் இணைப்புகளை ஏற்கும் எண்ணை, மாற்றும் யோசனை எனக்கு உதவவில்லை; அலுவலகத்து விண்டோஸ் கணினிகள் சம்பாவின் வழக்கமான போர்ட்டான 445-ஐத்தான் தேடி வருகின்றன. நெட்வொர்க் கார்டுக்கு இரண்டாவது ஐபி முகவரி கொடுக்கச் சொன்னவரின் வழிதான் பலித்தது. 'இன்டர்ஃபேசஸ்' வரியில் அந்தந்தச் சர்வரின் முகவரி, கூடவே 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி = யெஸ்' (அந்த முகவரியில் மட்டும் இயங்கு என்று பொருள்). இதை இரண்டு சர்வர்களின் கன்ஃபிக் (அமைப்பு) கோப்புகளிலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் சர்வரே எல்லா முகவரிகளையும் வளைத்துக்கொள்ளும். 'பிட் டைரக்டரி'யும் (ஓடும் சர்வரின் அடையாள எண்ணைக் குறித்துவைக்கும் பிட் கோப்பு இருக்கும் இடம்) பூட்டுக் கோப்புகளின் இடமும் தனியாக இருக்கட்டும். பிட் கோப்பு பொதுவாக இருந்தால், ஏற்கெனவே இயங்குவதாகச் சொல்லி இரண்டாவது நின்றுவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: கடவுச்சொற்களைச் சேமிக்கும் இடமான 'பிரைவேட் டிர்'ரையும் இரண்டுக்கும் தனியாகப் பிரித்ததும் பயனர்களின் கடவுச்சொற்கள் இரண்டாவதில் இல்லை. சம்பா கடவுச்சொற்களை வைக்கும் 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி' கட்டளைக்கு '-சி' கொடுத்து, இரண்டாவது கன்ஃபிக் கோப்பைக் காட்டி, ஒவ்வொருவரையும் மறுபடி சேர்த்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் கணக்குப் பிரிவு இதைத்தான் விரும்பியது.